காசில்லாமல் நுழையும் நாள்

அருங்காட்சியகங்களின் இலவச நாளுக்கு ஏறக்குறைய அருங்காட்சியகங்களின் வயதே ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, வெள்ளிக்கிழமை மாலை, தேசிய விழா நாள் என்று பயணிகள் இன்று தேடிக் குறித்துக்கொள்ளும் நாட்கள் திடீரென முளைத்த சலுகைகள் அல்ல. யாரை, எந்தக் கிழமையில், எத்தனை மணி நேரத்துக்கு உள்ளே விடுவது என்று இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இழுபறியில் மிஞ்சியவை அவை. அந்த இழுபறியில் வெளியூர்ப் பயணிக்குச் சில காலம் தனி மரியாதை கிடைத்தது. சில காலம் கூடுதல் கட்டணம் கிடைத்தது.

லண்டன் மருத்துவர் சர் ஹான்ஸ் ஸ்லோன் 1753 ஜனவரியில் இறந்தபோது புத்தகங்கள், கையெழுத்துப் படிகள், நாணயங்கள், உலர்த்திய செடிகள், விலங்குகளின் எலும்புகள் என்று சுமார் 71,000 பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார். வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்துவிட்டு அத்தனையையும் நாட்டுக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று உயிலில் எழுதியிருந்தார். நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. பணத்துக்குக் குலுக்கல் சீட்டு நடத்தியது. ப்ளூம்ஸ்பரி பகுதியில் மான்டேகு மாளிகை வாங்கப்பட்டு, 1759 ஜனவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் மியூசியம் திறந்தது. கற்பவர்களுக்கும் அறிய ஆவலுள்ளவர்களுக்கும் கட்டணம் இல்லை என்பது தொடக்கத்திலிருந்தே விதி.

விதி தாளில் இருந்தது. வாசலில் வேறு நடைமுறை இருந்தது. பார்க்க விரும்புபவர் தம் பெயர், சமூக நிலை, முகவரி ஆகியவற்றை எழுதி வாயில் காவலரிடம் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் அதைப் பார்த்து, ஆள் தகுதியானவர் என்று கண்டால் சீட்டு எழுதி வைப்பார்கள். அதை வாங்க இன்னொரு முறை வர வேண்டும். சீட்டில் குறித்த நாளில், குறித்த மணிக்கு மறுபடியும் வர வேண்டும். ஈஸ்டர் வாரத்திலும் விட்சன் பண்டிகை வாரத்திலும், அதாவது உழைப்பவர்களுக்கு ஓய்வு கிடைத்த அதே நாட்களில், மியூசியம் மூடிக் கிடந்தது. இது தற்செயல் அல்ல. பண்டிகைக் கூட்டம் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதே அறங்காவலர்களின் கவலை.

ஊரில் சில நாட்களே தங்கும் பயணிக்கு இந்த ஏற்பாடு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று விட்டுச் சென்றவர் பர்மிங்ஹாம் புத்தக வணிகர் வில்லியம் ஹட்டன். 1784இல் லண்டன் வந்த அவர், சீட்டு வைத்திருந்த ஒருவரிடமிருந்து கிட்டத்தட்ட இரண்டு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கினார். இலவச அனுமதிக்குக் கள்ளச் சந்தை இருந்தது என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் கிடைப்பது அரிது. சுமார் பத்துப் பேர் கொண்ட குழுவை வழிகாட்டி ஓட்டமும் நடையுமாக அறை அறையாக இழுத்துச் சென்றார். ஏதோ ஒன்றைப் பற்றி விளக்கம் கேட்ட ஹட்டனுக்கு எரிச்சலான பதிலே கிடைத்தது. அரை மணி நேரத்தில் எல்லோரும் வெளியே நின்றார்கள். காணாமலே போயிருந்தால் இவ்வளவு ஏமாற்றம் இருந்திருக்காது என்ற மனநிலையில் அவர் தம் பயண நூலில் இதைப் பதிவு செய்தார்.

1810இல் சீட்டு முறை ஒழிந்தது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் தோற்றத்தில் கண்ணியமான எவரும் நேரே உள்ளே நுழையலாம் என்றானது. 1837இல் முதன்முறையாக ஈஸ்டர் திங்களன்று கதவு திறந்தபோது, ஒரே நாளில் 23,000 பேருக்கு மேல் வந்தார்கள். சிலைகள் உடையும், கண்ணாடிப் பெட்டிகள் நொறுங்கும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள், எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திறக்க மட்டும் 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்த தொழிலாளிக்கு, ஞாயிறு பூட்டிய மியூசியத்தின் இலவச அனுமதியால் ஒரு பயனும் இல்லை. ஞாயிறு வழிபாட்டுக்குரிய நாள் என்ற கட்சியும், அது உழைப்பவர்கள் அறிவு பெறும் நாளாகவும் இருக்கட்டும் என்ற கட்சியும் பல பத்தாண்டுகள் மோதிய பிறகே அந்தக் கதவு திறந்தது.

பாரிஸில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. முடியாட்சி வீழ்ந்த நாளின் முதலாம் ஆண்டு நிறைவில், 1793 ஆகஸ்ட் 10 அன்று, அரச மாளிகையான லூவ்ர் மக்கள் அருங்காட்சியகமாக அறிவிக்கப்பட்டது. புரட்சி அரசு ஏழு நாள் வாரத்தை ஒழித்துப் பத்து நாள் வாரத்தை வகுத்தது. அந்தப் பத்தில் மூன்று நாட்கள் பொதுமக்களுக்கு. மற்ற நாட்களில் பெரும்பாலானவை ஓவியர்களுக்கு. மாணவர்கள் பழைய மேதைகளின் படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்துப் பழகவே அருங்காட்சியகம் முதன்மையாக இருக்கிறது என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. வேடிக்கை பார்ப்பவர்கள் அவர்கள் வேலைக்கு இடையூறு.

பத்து நாள் வாரம் மறைந்தது. நாட்களைப் பங்கிடும் பழக்கம் மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸ்வாசிக்கு லூவ்ரில் உரிய நாள் ஞாயிறு. வாரநாட்கள் ஓவியர்களுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் உரியவை. வெளிநாட்டவர் வாசலில் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். கூட்டமில்லாத கூடங்களில் ரஃபாயேலையும் டிஷியனையும் நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு உள்ளூர்க்காரனுக்கு மறுக்கப்பட்டு, கடல் கடந்து வந்தவனுக்குத் தரப்பட்டது. அன்றைய வழிகாட்டி நூல்கள் இந்தச் செய்தியை முதல் பக்கங்களிலேயே அச்சிட்டன. 1855இல்தான் திங்கள் தவிர மற்ற எல்லா நாட்களும் எல்லோருக்கும் திறந்தன. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு லூவ்ரின் வாசலில் அன்று இருந்த மதிப்பு இன்று தலைகீழாகிவிட்டது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மற்ற தலைநகரங்களின் விதிகள் இன்னும் விசித்திரமானவை. மாட்ரிட்டின் பிராடோ 1819 நவம்பர் 19 அன்று திறந்தபோது பொதுமக்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள், புதன்கிழமை, ஒதுக்கப்பட்டது. அன்று மழை பெய்தால் அதுவும் கிடையாது. சேறு படிந்த காலணிகள் தரையைக் கெடுத்துவிடும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜில் 1860கள் வரை நுழைவதற்கு வாலங்கியோ சீருடையோ அணிந்திருக்க வேண்டும். அரசரின் வீட்டுக்கு விருந்தினராகச் செல்வது போன்ற ஏற்பாடு அது. ஆகவே காசு கேட்கப்படவில்லை, உடை கேட்கப்பட்டது.

கிழமை வாரியான அனுமதியை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தது லண்டனின் சவுத் கென்சிங்டன் மியூசியம். இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று அறியப்படுவது இதுவே. 1857இல் இதைத் திறந்த ஹென்றி கோல், வாரத்தை இரண்டாகப் பிரித்தார். திங்கள், செவ்வாய், சனி மூன்றும் இலவசம். புதன், வியாழன், வெள்ளி மூன்றும் மாணவர் நாட்கள். அந்த நாட்களில் வேறு யார் வந்தாலும் ஆறு பென்ஸ் கட்ட வேண்டும். ஆறு பென்ஸ் பெரிய தொகை அல்ல. ஆனால் குடும்பத்தோடு வரும் தையல்காரரையோ தச்சரையோ தயங்க வைக்கும். படம் வரையும் மாணவருக்கு அமைதி வேண்டும். அமைதிக்கு விலை வைத்தால் கூட்டம் குறையும் என்பது கோலின் கணக்கு. கட்டண நாள் என்பது வருமானத்துக்காக அல்லாமல் கூட்டத்தை வடிகட்டுவதற்காக வந்தது என்பதை இங்கே தெளிவாகக் காணலாம்.

அதே கோல்தான் மியூசியத்துக்குள் எரிவாயு விளக்குகளைப் பொருத்தி, சில இரவுகளில் பத்து மணி வரை திறந்து வைத்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், துணி மாற்றிக்கொண்டு, மனைவி மக்களோடு வரும் தொழிலாளிக்குப் பகல் நேர இலவசத்தால் பயனில்லை என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். விளக்கொளி வீசும் மதுக்கடைக்குப் போட்டியாக விளக்கொளி வீசும் கூடம் என்பது அவர் வாதம். உள்ளேயே உணவகமும் வைத்தார். மாலை நேரத்தில் கட்டணமில்லாமல் திறப்பது இன்று நியூயார்க் முதல் மாட்ரிட் வரை வழக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னோடி இந்த எரிவாயு இரவுகள். எரிவாயுப் புகை ஓவியங்களுக்குக் கேடு என்று அப்போதே எழுந்த குரல்களையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் மியூசியம் தீ விபத்துக்கு அஞ்சி நெடுங்காலம் இருட்டியதும் கதவைச் சாத்தியது.

1824இல் பால் மால் தெருவின் ஒரு வீட்டில் 38 ஓவியங்களோடு தொடங்கிய நேஷனல் கேலரியும் இதே பாதையில் சென்றது. வாரத்தில் நான்கு நாட்கள் பொதுமக்களுக்கு, இரண்டு நாட்கள் ஓவியர்களுக்கு. 1838இல் அது டிராஃபல்கர் சதுக்கத்துக்கு வந்தது. மேற்கு லண்டன் செல்வர்கள் வண்டியிலும் கிழக்கு லண்டன் ஏழைகள் நடந்தும் வர அந்த இடம் நடுவில் இருந்தது. 1880இலிருந்து ஓவியர் நாட்களில் பிறரும் ஆறு பென்ஸ் கட்டி நுழையலாம் என்றானது. பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் உச்சத்தில், 1914 மார்ச் 10 செவ்வாயன்று, மேரி ரிச்சர்ட்சன் இந்தக் கேலரிக்குள் நுழைந்து வெலாஸ்கெஸின் வீனஸ் ஓவியத்தை வெட்டுக்கத்தியால் கிழித்தார். அதன் பிறகு லண்டன் அருங்காட்சியகங்கள் பெண்களைச் சந்தேகத்தோடு பார்த்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண் துணையோ பரிந்துரைக் கடிதமோ இல்லாத பெண்ணுக்கு அனுமதி மறுக்கப்பட்ட மாதங்களும் உண்டு. இலவச அனுமதி என்பதற்குள் எத்தனை விலக்குகள் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

மெட்ராஸில் விலக்கு வேறு வடிவில் வந்தது. 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், முதலில் கல்லூரிச் சாலையிலிருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கி, 1854இல் பாந்தியன் சாலைக்கு மாறியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ராணுவ மருத்துவர். கூட்டத்தைச் சேர்ப்பதில் கைதேர்ந்தவர். உயிருள்ள விலங்குகளை வளாகத்தில் வைத்தால் மக்கள் திரள்வார்கள் என்று கண்டு வைத்தார், திரண்டார்கள். அந்த விலங்குகள் பிற்பாடு மக்கள் பூங்காவுக்குப் போய் மிருகக்காட்சி சாலையாயின. பதப்படுத்திய உடல்கள் இருந்த அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் மெட்ராஸ் மக்கள் சொல்லிவந்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்து இந்திய அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தடையாக இருந்தது பெண்கள் ஆண்களோடு கலந்து நடக்கக் கூடாது என்ற வழக்கம். ஆகவே பல ஊர் அருங்காட்சியகங்கள் பர்தா நாள் வைத்தன. மெட்ராஸில் அது கோஷா நாள். மாதத்தில் ஒரு நாள் ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் கூடங்கள் திறந்தன. வீட்டை விட்டு வெளியே வர வேறு காரணம் கிடைக்காத பெண்களுக்கு அந்த ஒரு நாள் எத்தகைய வாய்ப்பு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு பெருங்கூட்ட நாளை அரசு வகுக்கவில்லை, மக்களே வகுத்துக்கொண்டார்கள். காணும் பொங்கலன்று சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் மக்கள் கட்டுச்சோற்றோடு நகரத்துக்கு வந்து, கடற்கரையையும் உயிர் காலேஜையும் செத்த காலேஜையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் பயணத்தோடு அருங்காட்சியகத்தை இணைத்த பழைய வழக்கம் இதுவே. இன்றும் அன்றைக்குப் பொங்கும் கூட்டம் குறையவில்லை.

ஐரோப்பாவில் இதற்கிடையே வரவு செலவுக் கணக்கு தலை தூக்கியது. ஒன்றுபட்ட இத்தாலி 1875 மே மாதச் சட்டத்தின் மூலம் அருங்காட்சியகங்களிலும் அகழ்வாய்வு இடங்களிலும் நுழைவுக் கட்டணம் விதித்தது. அதுவரை பல இடங்களில் காவலரின் கையில் பயணிகள் திணித்த சில்லறைதான் கட்டணம். சட்டம் அதை அரசுக் கணக்குக்கு மாற்றியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை இலவசமாக விட்டுவைத்தது. கட்டணம் செலுத்தும் வாரநாட்கள் வெளிநாட்டவருக்கு, இலவச ஞாயிறு இத்தாலியருக்கு என்ற பங்கீடு அப்படி உருவானது. பேடெக்கர் நிறுவனத்தின் சிவப்பு அட்டை வழிகாட்டிகள் எந்த மாளிகை எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே எவ்வளவு, எங்கே இலவசம் என்று விடாமல் அச்சிட்டன. பாரிஸ், லண்டன் பதிப்புகளில் கிழமை வாரியான அட்டவணையே உண்டு. பயணத் திட்டம் என்பது அந்த அட்டவணையில் விரலை ஓட்டுவதிலிருந்து தொடங்கியது.

பிரான்ஸ் இதில் பிந்தி வந்தது. புரட்சியின் மகளான லூவ்ரில் டிக்கெட் கிழிப்பதா என்ற தயக்கம் பல தலைமுறை நீடித்தது. முதல் உலகப் போர் கஜானாவைக் காலி செய்த பிறகு, 1921 டிசம்பர் 31இன் நிதிச் சட்டம் தேசிய அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் வசூலிக்க வழிவிட்டது. ஞாயிறு இலவசம் அப்போதும் காக்கப்பட்டது. இடையில் பல திருத்தங்கள் வந்து போயின. 1990இல் லூவ்ர் இலவச ஞாயிறை நீக்கியது. 1996இல் மாதத்தின் முதல் ஞாயிறு என்ற குறுகிய வடிவில் திருப்பித் தந்தது. அந்த வடிவம் பிற நாடுகளுக்கும் பரவியது.

அமெரிக்காவில் நகராட்சி நிலம் கொடுத்தது, செல்வந்தர்கள் பொருள் கொடுத்தார்கள். இலவச நாள் இந்த இருவரின் ஒப்பந்தத்தில் பிறந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் சென்ட்ரல் பார்க்கில் நகராட்சிக் கட்டடத்துக்குக் குடிபோகும்போது, 1878 ஒப்பந்தப்படி வாரத்தில் நான்கு நாட்கள் மக்களுக்கு இலவசம் என்று ஏற்றது. மற்ற இரு நாட்களில் கட்டணம். ஞாயிறு திறக்க இங்கேயும் மதப்பற்றாளர்கள் எதிர்த்தார்கள். நன்கொடையாளர்கள் சிலர் மிரட்டினார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்ட மனுக்களுக்குப் பிறகு 1891 மே 31 அன்று முதல் ஞாயிறு திறப்பு நடந்தது. 1970இல் அங்கே விரும்பியதைக் கொடு என்ற முறை வந்தது. பலகையில் ஒரு தொகை எழுதியிருக்கும். ஒரு சென்ட் கொடுத்தாலும் உள்ளே விடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் சில்லறை கொடுத்தார்கள், தெரியாத வெளிநாட்டவர் பலகையில் கண்டதைக் கொடுத்தார்கள். 2018 மார்ச் 1 முதல் அந்த உரிமை நியூயார்க் மாநிலத்தவருக்கும், நியூயார்க்கிலும் அண்டை மாநிலங்களான நியூ ஜெர்சி, கனெக்டிகட்டிலும் படிக்கும் மாணவர்களுக்கும் மட்டும் என்று சுருங்கியது. மற்றவருக்கு 25 டாலர். பிறகு அது 30 டாலரானது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் மட்டும் இந்தப் போக்கிலிருந்து விலகி, ஆண்டு முழுவதும் யாரிடமும் காசு கேட்காமல் நிற்கின்றன.

பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஒரு நாடகம். எட்வர்ட் ஹீத் அரசு 1974 ஜனவரியில் தேசிய அருங்காட்சியகங்களில் 10 பென்ஸ் கட்டணம் கொண்டுவந்தது. மூன்றே மாதத்தில் அரசு மாறி அது ஒழிந்தது. 1980களில் தாட்சர் அரசு மானியத்தை இறுக்கியபோது, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் 1985இல் நன்கொடை என்ற பெயரில் பெட்டி வைத்தது. இயற்கை வரலாற்று மியூசியம் 1987இல் டிக்கெட் போட்டது. அறிவியல் மியூசியம் அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது. பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் அசையவில்லை. 2001 டிசம்பர் 1 அன்று எல்லாத் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளும் மீண்டும் இலவசமாயின. முடிச்சு அவிழ்ந்த இடம் வரிச் சட்டம். டிக்கெட் விற்கும் நிறுவனம் தான் செலுத்திய மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற முடியும். இலவசமாக விடும் நிறுவனத்தால் முடியாது. ஆகவே இலவசம் என்பது இரட்டை நட்டம். அந்த வரியை இலவச அருங்காட்சியகங்களுக்கும் திருப்பித் தரலாம் என்று சட்டத்தைத் திருத்தியதும் கதவுகள் திறந்தன. கட்டணம் நீங்கிய அருங்காட்சியகங்களுக்கு வந்தோர் எண்ணிக்கை பத்தாண்டில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. லண்டன் செல்பவர் இலவச நாளைத் தேடி அட்டவணை பார்க்கத் தேவையில்லை. தனிக் கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட் உண்டு.

மலிவு விமானமும் இணைய முன்பதிவும் வந்த பிறகு இலவச நாளின் குணமே மாறியது. உள்ளூர் ஏழையையும் தொழிலாளியையும் நினைத்து வகுத்த நாளைச் சுற்றுலா நிறுவனங்கள் தங்கள் பயணத் திட்டத்தில் அச்சிட்டுக்கொண்டன. லூவ்ரின் முதல் ஞாயிறுகளில் பேருந்து பேருந்தாக வந்து இறங்கியவர்களில் பெரும் பங்கினர் வெளிநாட்டவர். 2014இல் அந்த ஞாயிறு அக்டோபர் முதல் மார்ச் வரை என்று குறைக்கப்பட்டது; 2019இல் ஞாயிறு போய் முதல் சனி மாலை வந்தது; பிறகு அது முதல் வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் என்று மாறியது, ஜூலை, ஆகஸ்ட் தவிர. ஜூலை 14 தேசிய நாளின் இலவசம் நீடிக்கிறது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவருக்கு 32 யூரோ, ஐரோப்பியருக்கு 22 யூரோ என்று கட்டணம் பிரிந்துவிட்டது. 1855க்கு முன் வாரநாளில் கதவைத் திறந்துவிட்ட வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இப்போது பத்து யூரோ கூடுதலாகச் செலுத்த வைக்கிறது.

இத்தாலி 2014இல் மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் அனைத்தும் இலவசம் என்று அறிவித்தது. கொரோனா காலத்தில் நின்ற அந்த ஏற்பாடு 2022இல் திரும்பியது. ஏப்ரல் 25, ஜூன் 2, நவம்பர் 4 ஆகிய தேசிய நாட்களும் பின்னர் சேர்ந்தன. விளைவு பாம்பேயில் தெரிந்தது. 2024இல் ஒரு முதல் ஞாயிறு 36,000க்கும் மேற்பட்டோர் அந்தப் பழைய தெருக்களில் நெருக்கியடித்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைக்கப்பட்டது. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் தனி அரசுக்கு உரியவை. அங்கே இலவசம் மாதத்தின் கடைசி ஞாயிறு. மதியம் பன்னிரண்டரை மணியோடு நுழைவு முடிந்து, இரண்டு மணிக்கு மூடிவிடும். விடிகாலையிலிருந்தே மதிலைச் சுற்றி வரிசை நிற்கும். சிஸ்டைன் தேவாலயத்தின் கூரையை அண்ணாந்து பார்க்க ஒரே ஒரு வாய்ப்புள்ள பயணி அந்த நாளைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். பெர்லின் நகரம் 2021இல் தொடங்கிய முதல் ஞாயிறு இலவசம் 2024 இறுதியில் நிதியில்லாமல் நின்றுபோனது. பழைய வழிகாட்டி நூலை நம்பி வருபவர் வாசலில் ஏமாறுவது இதனால்தான்.

பிராடோவின் வழி சற்று இணக்கமானது. திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு முதல் எட்டு வரை, ஞாயிறு ஐந்து முதல் ஏழு வரை இலவசம். ஒரே நாளில் குவியும் கூட்டம் வாரம் முழுக்கப் பரவுகிறது. இரண்டு மணி நேரத்தில் முழு மாளிகையையும் சுற்ற முடியாது. வெலாஸ்கெஸ் கூடம், கோயாவின் கரும் ஓவியங்கள், போஷின் மூன்று பலகை ஓவியம் என்று முன்பே தேர்ந்துகொண்டு போனால் கைநிறையக் கிடைக்கும். மழைநாளில் மூடிக் கிடந்த நிறுவனம் இன்று நாள்தோறும் இலவச நேரம் தருவது, இந்த வரலாற்றில் மனம் நிறையக் குறிப்பிடத்தக்க மாற்றம்.

சிங்கப்பூர் எதிர்த்திசையில் தெளிவாக நடந்தது. 2013 மே 18 முதல், அதாவது உலக அருங்காட்சியக நாளிலிருந்து, தேசிய அருங்காட்சியகங்கள் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் ஆண்டு முழுவதும் இலவசம், வெளிநாட்டவருக்குக் கட்டணம். லிட்டில் இந்தியாவில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்திலும் இதே பாகுபாடு. தமிழ்நாட்டிலிருந்து போய், அங்கே குடியேறிய உறவினரோடு செல்லும் பயணிக்கு ஒரே வாசலில் இரு கணக்கு. மே 18ஐ உலக அருங்காட்சியக நாளாக 1977இல் தேர்ந்தெடுத்தது அருங்காட்சியகங்களின் பன்னாட்டு அவை. அன்று பல நாடுகளில் கதவுகள் கட்டணமின்றித் திறக்கின்றன.

இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 2000க்குப் பிறகு வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் நிலைபெற்றது. 2018 ஆகஸ்டில் மாமல்லபுரம் போன்ற உலக மரபுச் சின்னங்களுக்கு இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் நுழைவுக் கட்டணமாக வகுக்கப்பட்டன. இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டுக் குடிமக்களும், வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவர்களும் இந்தியர் கட்டணத்தையே செலுத்தினால் போதும். அடையாளச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் வழிபாட்டில் இருப்பதால் எந்நாளும் இலவசம்.

ஆண்டில் இரு நாட்கள் இந்தத் துறையின் டிக்கெட் கவுண்டர்கள் வழக்கமாக மூடியிருக்கும்: உலக மரபு நாளான ஏப்ரல் 18, உலக மரபு வாரம் தொடங்கும் நவம்பர் 19. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் செஞ்சிக் கோட்டையையும் அன்று காசில்லாமல் பார்க்கலாம். முதல் நாள் கோடை வெயிலில் வருகிறது, இரண்டாவது வடகிழக்குப் பருவமழையில். எதைத் தேர்ந்தாலும் குடையை மறக்க வேண்டாம்.